யாருக்குக் கரண்ட் வைப்பது?

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 இன்றைக்கு எங்களுக்குத் தரப்பட்டிருக்கும் நேரத்தில், நீங்கள் கடிதத்தில் எழுதியும் நேரில் விசாரித்தும் வருகிற ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல விரும்புகிறோம். அந்தக் கேள்வி இதுதான்: "நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் வருகிறவர்களில் சிலரைக் கரண்ட் வைக்க அனுப்புகிறீர்கள், சிலரை அனுப்புவதில்லை. பணம் போதவில்லையா? அப்படியானால் சொல்லுங்கள், இன்னும் கொடுக்கிறோம்."

இப்படிக் கேட்கிற உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் எங்கள் பதில் பெரும்பாலும் பணத்தைப் பற்றியது அல்ல. எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இருந்தாலும் எல்லோருக்கும் கொடுக்கக் கூடாத சிகிச்சை இது. அதே சமயம், ஒரே ஒரு நாள் கொடுத்தாலும் ஒருவருடைய கடைசி மாதங்களையே மாற்றிவிடக் கூடிய சிகிச்சையும் இதுவே. இவ்விரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால்தான் உங்கள் காணிக்கை எங்கே போகிறது என்பதும் விளங்கும்.

இதை டாக்டர்கள் அல்லவா பேச வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். மருத்துவ முடிவு அவர்களுடையதே. அதில் நாங்கள் தலையிடுவதில்லை. ஆயினும் டாக்டர் பத்து நிமிடத்தில் சொன்னதைக் குறித்து, குடும்பத்தார் எங்கள் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் கேட்பார்கள். "ஐயா, டாக்டர் வேண்டாம்னு சொன்னா, கைவிட்டுட்டாருன்னு அர்த்தமா?" என்பார்கள். ஆகையால் இந்தக் காரியத்தை விளங்கிக்கொள்ள வேண்டிய பொறுப்பு எங்களுக்கும் வந்துவிட்டது.

கரண்ட் என்பது என்ன?

நம் ஜனங்கள் கதிர்வீச்சு சிகிச்சையைக் "கரண்ட் வைப்பது" என்றே சொல்லுகிறார்கள். இந்தப் பெயரே பாதிப் பயத்தை உண்டாக்குகிறது. இதில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை. 1895-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரே கதிரைப் போன்ற கதிரையே, மிகுந்த வலிமையுடன், குறித்த இடத்தில் படும்படி செலுத்துகிறார்கள். நோயாளி மேஜையின் மேல் படுத்திருப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்நேரத்தில் வலி இராது. வீட்டுக்கு வந்தபின் பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து செலுத்தும் இக்கதிர் உடம்பில் தங்குவதும் இல்லை, பிறருக்குத் தொற்றுவதும் இல்லை.

கதிர் புற்று அணுக்களின் உள்ளே இருக்கிற மரபுப்பொருளைச் சிதைக்கிறது. அதனால் அவை பெருக முடியாமல் மடிகின்றன. பக்கத்திலுள்ள நல்ல அணுக்களும் அடிபடும். ஆனால் இடைவெளி கொடுத்தால் அவை பெரும்பாலும் தங்களைச் சரிசெய்துகொள்ளும். ஆகவேதான் பல நாட்களாகப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது. கதிரின் அளவை "கிரே" என்ற அலகால் சொல்லுவார்கள். முதுகுத்தண்டும் உணவுக்குழாயும் நல்ல நுரையீரலும் இவ்வளவுதான் தாங்கும் என்று ஓர் எல்லை உண்டு. "இன்னும் பத்து கரண்ட் சேர்த்து வையுங்கள்" என்று கேட்டால் டாக்டர் மறுப்பது இதனால்தான்.

நம்முடைய பகுதிக்கும் இச்சிகிச்சைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அண்டையிலுள்ள புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களுடைய முயற்சியால் 1954-இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1957-இல் கனடா நாட்டின் உதவியால் அங்கே கோபால்ட் கதிர்க் கருவி வந்தது. அந்நாட்களில் நம் பக்கத்து நோயாளி ஒருவர் இச்சிகிச்சைக்காக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். இன்றோ திருச்சியிலேயே இது கிடைக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த குடும்பங்களுக்கு இச்செலவின் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடுகிறது. ஆகையால் அன்றிருந்த "எங்கே கிடைக்கும்?" என்ற கேள்வி போய், "இவருக்கு இது நன்மை செய்யுமா?" என்ற கேள்வி முன்னுக்கு வந்திருக்கிறது.

ஏன் முற்றிய பிறகே வருகிறார்கள்?

உறையூர்ச் சுருட்டு ஒரு காலத்தில் "ட்ரிச்சினோப்பொலி" என்ற பெயரில் இங்கிலாந்து வரை புகழ்பெற்றிருந்தது. அதே இங்கிலாந்தில்தான் 1950-இல் டால், ஹில் என்ற இரண்டு அறிஞர்கள், நுரையீரல் புற்றுக்கும் புகைபிடிப்பதற்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். பீடியும் சுருட்டும் சிகரெட்டும் நம் வார்டில் படுத்திருக்கும் ஆண்களில் பலருக்குப் பழைய கூட்டாளிகள். ஆனால் ஒருநாளும் புகைபிடிக்காதவர்களும் வருகிறார்கள்; அவர்களில் பெண்கள் பலர். ஆகவே "இவர் தானாக வரவழைத்துக்கொண்டார்" என்று யாரைக் குறித்தும் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். யாருக்குச் சிகிச்சை என்று தீர்மானிக்கும்போது அந்தக் கணக்கு மேஜைக்கு வருவதே இல்லை, வரவும் கூடாது.

இந்நோய் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. இருமல் வரும்போது காசநோய் என்றே எல்லோரும் எண்ணுகிறார்கள். காசநோய் மிகுந்த நம் நாட்டில் அப்படி எண்ணுவது இயல்புதான். எக்ஸ்ரேயில் நிழல் தெரியும், சளியில் கிருமி காணப்படாவிட்டாலும் மாத்திரை தொடங்கும், மாதங்கள் ஓடிவிடும். மாத்திரை சாப்பிட்டும் இருமல் குறையவில்லை, எடை ஏறவில்லை, சளியில் இரத்தம் நிற்கவில்லை என்றால், ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திராமல் திரும்பவும் பரிசோதிக்கும்படி கேளுங்கள். இதை உங்கள் சபைகளிலும் தெருக்களிலும் சொல்லுங்கள்.

இரண்டு விதமான நோக்கம்

முற்றிய நோய் என்று சொன்னாலும் அதில் இரு பிரிவு உண்டு. ஒன்று, கட்டி மார்புக்கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. அறுவைசிகிச்சைக்கு எட்டாத இடத்தில் பரவியிருக்கிறது. இவர்களில் உடல்பலமும் மூச்சுப்பலமும் உள்ளவர்களுக்கு, குணமாக்கும் நோக்கத்துடனேயே, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம், ஏறத்தாழ 60 கிரே, கீமோ மருந்துடன் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கஷ்டமான சிகிச்சைதான், எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஆயினும் சிலர் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். இப்படிப்பட்டவரைத் "முற்றிவிட்டது, இனி என்ன" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது பெரிய அநியாயம். இவர்களை ஒரு வாரமும் தாமதியாமல் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது பிரிவு, நோய் ஈரலுக்கோ, எலும்புக்கோ, மூளைக்கோ, மறு நுரையீரலுக்கோ பரவிவிட்டவர்கள். இவர்களுக்குக் கதிர் குணம் தராது. ஆனால் உபத்திரவத்தைத் தணிக்கும். இன்று நாம் பேசுவது முக்கியமாக இவர்களைப் பற்றியே. இவர்கள் விஷயத்தில் டாக்டர்கள் கேட்கிற கேள்விகளை நாங்கள் விளங்கிக்கொண்டபடி சொல்லுகிறோம்.

முதல் கேள்வி: இவரை இப்போது வருத்துவது எது? சளியில் இரத்தம் வருவதைக் கதிர் பெரும்பாலோருக்கு நிறுத்துகிறது. நெஞ்சுவலியையும் நன்றாகத் தணிக்கிறது. இருமல் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குறைகிறது. மூச்சுத்திணறலுக்கோ காரணம் பார்க்க வேண்டும். கட்டி மூச்சுக்குழாயை அடைத்திருந்தால் கதிர் உதவலாம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் நீரை எடுக்க வேண்டும்; இரத்தசோகை என்றால் அதைக் கவனிக்க வேண்டும். அங்கே கதிருக்கு வேலை இல்லை.

ஒன்றுமே வருத்தவில்லை என்றால்? சும்மா இருக்கலாமா என்று குடும்பத்தார் துடிப்பார்கள். 2002-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு இதையே சோதித்தது. குணமாக்க இயலாத நிலையில், நெஞ்சில் அதிகத் தொந்தரவு இல்லாத 230 பேரில், ஒரு பாதியினருக்கு உடனே கதிர் கொடுத்தார்கள். மறுபாதியினருக்குத் தேவை வந்தபோது கொடுத்தார்கள். உடனே பெற்றவர்கள் அதிக நாள் வாழவும் இல்லை, அதிகச் சுகமாக இருக்கவும் இல்லை. காத்திருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கடைசிவரை கதிர் கொடுக்கப்படவே இல்லை.

இரண்டாவது கேள்வி: இவருடைய பலம் எவ்வளவு? இதற்கு டாக்டர்கள் பூஜ்யம் முதல் நான்கு வரை ஓர் ஏணி வைத்திருக்கிறார்கள். முன்போலவே எல்லா வேலையும் செய்கிறவர் பூஜ்யம். கனமான வேலை முடியாவிட்டாலும் நடமாடி, இலேசான வேலை செய்கிறவர் ஒன்று. வேலை முடியாது, ஆனால் தானே குளித்து உடுத்தி, பகலில் பாதி நேரத்துக்கு மேல் எழுந்து உலாவுகிறவர் இரண்டு. பாதி நேரத்துக்கு மேல் படுக்கையில் இருக்கிறவர் மூன்று. முழுவதும் படுக்கையே கதியானவர் நான்கு. குடும்பத்தார் இந்த இடத்தில் ஒரு படி கூட்டியே சொல்லுவார்கள். நாற்காலியில் தூக்கிவந்து இறக்கிவிட்டு, "நல்லா நடக்கிறார் ஐயா" என்பார்கள். அன்பினால் சொல்லுகிற வார்த்தைதான். ஆனால் அந்த ஒரு படியால் அவருக்குத் தாங்க முடியாத சிகிச்சை வந்து சேரும்.

மூன்றாவது கேள்வி: பலன் வந்து சேரும்வரை இவருக்கு நாள் இருக்கிறதா? கதிரின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். களைப்பும், விழுங்கும்போது வலியுமோ அதற்கு முன்னமே வந்துவிடும். இன்னும் சில நாட்களே என்ற நிலையில் உள்ளவருக்குக் கஷ்டம் மட்டும் வந்து சேரும். சுகம் வருமுன் அவர் போய்விடுவார்.

நான்காவது கேள்வி: எத்தனை முறை வர வேண்டும்? அதிக நாள் வைத்தால் அதிக நன்மை என்றே நாம் நினைக்கிறோம். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை நோயாளிகளின் சம்மதத்துடன் ஆராய்ந்தது. 1991-இல் வெளியான முடிவின்படி, 369 நோயாளிகளில், ஒரு வார இடைவெளியில் இரண்டே முறை பெற்றவர்களுக்கும், இரண்டு வாரம் தினந்தோறும் வந்து பெற்றவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சுகம் கிடைத்தது. பலம் குன்றியவர்களிடம் செய்து 1992-இல் வெளியான ஆய்வில், ஒரே முறை 10 கிரே கொடுப்பதும் ஏறக்குறைய அதே சுகத்தைத் தந்தது. பலம் நன்றாயிருந்த 509 பேரிடம் ஆராய்ந்து 1996-இல் வெளியான முடிவிலோ, பதின்மூன்று முறை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 9 மாதமாகவும், இரண்டு முறை பெற்றவர்களுக்கு 7 மாதமாகவும் இருந்தது. ஆனால் நெஞ்சின் தொந்தரவுகள் இரண்டு முறை பெற்றவர்களுக்கே சீக்கிரம் தணிந்தன. விழுங்கும் வலி மற்றவர்களுக்கே அதிகம். ஆகவே பலமுள்ளவருக்கு நீண்ட சிகிச்சை, பலம் குன்றியவருக்குக் குறுகிய சிகிச்சை என்ற நியாயம் பிறந்தது. இது சிக்கனத்துக்காக வந்த நியாயம் அல்ல.

எலும்பு வலிக்கும் இதே கதைதான். ஒரே நாளில் கொடுக்கும் 8 கிரே, பல நாள் கொடுப்பதற்கு நிகராகவே வலியைத் தணிக்கிறது. ஒருமுறை பெற்றவர்களில் சற்று அதிகமானோருக்குப் பின்னால் மறுபடியும் தேவைப்படும், அவ்வளவே. மூளைக்குப் பரவியவர்களைப் பற்றி 2016-இல் 538 பேரிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. அறுவைக்கும் குறிவைத்த கதிருக்கும் ஏற்றவரல்லாத அவர்களில், தலை முழுவதற்கும் கதிர் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 9.2 வாரம், ஸ்டீராய்டு மாத்திரையும் நல்ல பராமரிப்பும் மட்டும் பெற்றவர்களுக்கு 8.5 வாரம். சுகத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஐந்தாவது கேள்வி, இதைவிட நல்ல வழி உண்டா என்பது. நம் நாட்டில் நுரையீரல் புற்றின் ஒரு வகையில், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கோ அதற்குச் சற்று மேலானவர்களுக்கோ, மாத்திரைக்குக் கட்டுப்படுகிற ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. புகைபிடிக்காதவர்களிடம் இது அதிகம். இவர்களுக்கு வீட்டிலிருந்தே சாப்பிடும் மாத்திரை கதிரைவிடப் பெரிய நன்மை செய்யும். ஆகையால் அவசரம் இல்லாதபோது சதைப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திருப்பார்கள். இதைத் தாமதம் என்று எண்ணிக் கோபிக்க வேண்டாம்.

மூன்று நோயாளிகள்

நியாயங்களை மட்டும் சொன்னால் மனதில் நிற்காது. நாங்கள் கூட இருந்து பார்த்த மூவரைப் பற்றிச் சொல்லுகிறோம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிடுகிறோம்.

ஒருவர் உறையூர்ப் பக்கத்துப் பெரியவர். பகலில் பாதிக்கு மேல் படுக்கைதான். "இந்த உடம்பு கரண்டைத் தாங்குமா, விட்டுடலாம் சாமி" என்றார் அவர் மனைவி. ஆனால் அவருக்கு இரவுதோறும் இருமலோடு இரத்தம் வந்தது. அந்த அம்மாள் விடிய விடிய ஒரு சில்வர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேரப்பிள்ளைகள் அந்த அறைக்கு வரவே பயந்தார்கள். டாக்டர்கள் அவரை ஒரே ஒரு நாள் கதிருக்கு அனுப்பினார்கள். அன்று இரவு காய்ச்சலும் நெஞ்சுவலியும் இருந்தன, மாத்திரையில் அடங்கின. இரண்டு வாரத்துக்குள் இரத்தம் நின்றது. சில மாதங்கள் கழித்து அவர் வீட்டிலேயே மரித்தார். கடைசிவரை அந்தக் கிண்ணம் மறுபடி தேவைப்படவில்லை. பலம் இல்லை என்பதற்காகவே அவரை விட்டிருந்தால் இந்த நன்மையை இழந்திருப்பார்.

இரண்டாமவர் ஸ்ரீரங்கம் உத்தர வீதிப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர். நோய் ஈரலிலும் இரு நுரையீரலிலும் பரவியிருந்தது. இரத்தம் இல்லை, வலி அதிகம் இல்லை. நீர் கோத்ததால் மூச்சுத்திணறல். வெளிநாட்டிலிருந்த மகன் தினமும் போனில், "செலவைப் பற்றிக் கவலையில்லை, முழுக் கோர்ஸும் கொடுத்துவிடுங்கள்" என்றார். தூரத்திலிருக்கும் பிள்ளையின் தவிப்பு அது. அவரைக் குறை சொல்ல முடியாது. டாக்டர் பெரியவரிடமே பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு எத்தனை நாள் இருக்குன்னு நான் கேக்கலை. இருக்கற நாள்ல எத்தனை நாள் ஆஸ்பத்திரி வண்டியிலே போகும்னு மட்டும் சொல்லுங்கோ" என்றார். அந்தக் கேள்வியை நாங்கள் மறக்கவில்லை. நீரை எடுத்தார்கள். மூச்சுத்திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் கொடுத்தார்கள். வீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காரவும், முகத்துக்கு நேரே சிறு விசிறி வைக்கவும் எங்கள் நர்ஸ் கற்றுக்கொடுத்தார். அந்த மார்கழியில் பரமபத வாசல் திறந்த நாளில் அவர் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கதிர் பெறவில்லை, ஆனால் சிகிச்சை பெறாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

மூன்றாமவர் மண்ணச்சநல்லூர்ப் பக்கத்தில் அரிசி ஆலையில் வேலை செய்த சகோதரி. ஒருநாளும் புகையிலையைத் தொட்டவர் அல்ல. முதுகுவலி இருந்தது, பிறகு கால் மரத்தது, நடை தள்ளாடியது. ஆடி கழியட்டும் என்று வீட்டார் காத்திருந்தார்கள். வரும்போது இரு கால்களும் விழுந்து நாட்கள் ஆகியிருந்தன. முதுகுத்தண்டைப் புற்று அழுத்தினால் அது மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம். நடந்து வருகிறவர் சிகிச்சைக்குப் பின்னும் பெரும்பாலும் நடப்பார். கால் விழுந்து நாட்கள் ஆனபின் நடை திரும்புவது அரிது. அவருக்குக் கதிர் கொடுத்தார்கள். வலி தணிந்தது, கால் திரும்பவில்லை. ஆடி என்று காத்திருப்பவர்களைப் போலவே, கிறிஸ்மஸ் கழியட்டும், ஈஸ்டர் கழியட்டும் என்று காத்திருக்கிற நம்மவர்களும் உண்டு. புற்றுநோயாளிக்குப் புதிதாகக் கால் பலவீனம், சிறுநீர் பிரியாமை, அல்லது முகமும் கழுத்தும் வீங்கி நரம்பு புடைத்தல் இருந்தால், நாள் பார்க்காமல் அன்றே கொண்டுவாருங்கள்.

நோயாளிக்குத் தெரிய வேண்டும்

இத்தனை கேள்விகளுக்கும் பிறகு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அது நோயாளியிடமே கேட்க வேண்டியது: "உங்களுக்கு என்ன வேண்டும்?" நம் குடும்பங்களில் இதைக் கேட்பதே கடினமாயிருக்கிறது. "ஐயா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்கமாட்டார்" என்று மகன் வராந்தாவில் எங்கள் கையைப் பிடித்துக்கொள்வார். உள்ளே போனால் அப்பா, "பையன்கிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவான்" என்பார். இருவருக்கும் தெரியும், இருவரும் தனித்தனியாகச் சுமப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறாரோ அவ்வளவு, அவர் கேட்கிற வேகத்தில் சொன்னால் போதும். ஆனால் நோய் இன்னதென்று தெரியாத மனிதன் தன் மீதி நாட்களை எப்படிச் செலவிடுவது என்று தீர்மானிக்க முடியாது. குணமாகிவிடும் என்று நம்பி, நிலத்தை விற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் உண்டு. சுகத்துக்காகத் தரும் சிகிச்சை குணம் தராது என்று அவர்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

பெதஸ்தா குளத்தண்டையில் முப்பத்தெட்டு வருஷம் கிடந்த மனிதனை நீங்கள் அறிவீர்கள். தண்ணீர் கலங்கும்போது முந்தி இறங்கினவனுக்கே சுகம் என்பது அங்கிருந்த ஏற்பாடு. ஓடக் கால் இருந்தவன், தூக்கிவிட ஆள் இருந்தவன் முந்திக்கொண்டான். ஆண்டவரோ அவனண்டைக்குப் போய், சுகமாக அவனுக்கு விருப்பம் உண்டா என்று முதலில் அவனையே கேட்டார். ஒரு மருத்துவமனையில் சிகிச்சைக்கு ஆளைத் தெரிந்தெடுப்பது பெதஸ்தாவின் ஏற்பாடு போல ஆகிவிடக் கூடாது. வசதி உள்ளவர், சத்தமாகக் கேட்கிறவர், சிபாரிசு உள்ளவர் முந்திக்கொள்ளவும், துணையில்லாதவர் கரையிலேயே கிடக்கவும் நாம் விடலாகாது. மேலே சொன்ன கேள்விகளைப் பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே விதமாகக் கேட்பதுதான் எங்களுக்குத் தெரிந்த நீதி.

கதிர் இல்லை என்றால் என்ன உண்டு?

"கரண்ட் வேண்டாம்" என்று சொல்லுகிற வாய், அதே மூச்சில் "இதைச் செய்வோம்" என்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பரவிய நுரையீரல் புற்று உள்ள 151 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையுடன் ஆரம்பத்திலிருந்தே வலிநிவாரணப் பராமரிப்பும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து இருந்தார்கள். கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றார்கள். ஆயினும் அவர்களுடைய இடைநிலை ஆயுள் 11.6 மாதம். மற்றவர்களுக்கு 8.9 மாதம். கூட இருந்து பார்ப்பதும் சிகிச்சையே என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலிநிவாரணப் பராமரிப்பும் சேர்ந்திருக்கிறது. மார்ஃபின் என்றால் அபின், அடிமையாகிவிடுவார் என்ற பயம் இன்னும் நீங்கவில்லை. டாக்டர் சொன்ன அளவில், வலிக்காகக் கொடுக்கும்போது அந்தப் பயம் வேண்டியதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கொடுப்பார்கள்.

உங்கள் காணிக்கை இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. கதிர் இயந்திரத்தின் செலவைக் காப்பீடு ஏற்றாலும், காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்துபோகும் ஆட்டோவுக்கு அது பணம் தருவதில்லை. கூடவரும் மனைவி இழக்கிற கூலியையும், மத்தியானச் சாப்பாட்டையும் அது கணக்கில் எடுப்பதில்லை. இரத்தம் கக்குகிற ஏழை ஒருவர் அந்த ஒரு நாள் சிகிச்சைக்கு வந்து சேராமல் போவது பெரும்பாலும் இந்தச் சின்னச் செலவுகளால்தான். கதிர் தேவைப்படாதவருடைய வீட்டுக்கு நர்ஸ் போய்வருவதும் இதே பணத்தில்தான். ஆகவே இத்தனை பேரை அனுப்பினோம் என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து எங்கள் பணியை அளக்க வேண்டாம் என்று தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறோம். அனுப்பப்பட்டவர் ஏற்றவர்தானா, அனுப்பப்படாதவரை நாங்கள் போய்ப் பார்க்கிறோமா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாங்கள் எப்போதும் கடமைப்பட்டவர்கள்.

உங்கள் தெருவில் நெடுநாள் இருமலுடன் இருப்பவர் யாராவது உண்டானால் அவரைப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். முற்றிய நோயுடன் வீட்டில் படுத்திருப்பவர் உண்டானால், போய் அரைமணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். அறிவுரை எதுவும் சொல்ல வேண்டாம்.  கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் காப்பாராக.